நந்தலால் போஸ்

நந்தலால் போஸ் 1882ஆம் ஆண்டு, இன்றைய பீகாரின் முங்கேர் பகுதியில், வங்கமொழிக் குடும்பமொன்றில் பிறந்தார். உங்களைப் போலவே வேற்றுமொழி வழங்கும் ஊரில் வளர்ந்தவர். பின்னாளில் சாந்திநிகேதனின் கலாபவனத் தலைவரானார்.

1930இல் காந்தியடிகள் உப்பெடுக்கத் தண்டிக்கு நடந்தார். கைத்தடி ஊன்றி நடக்கும் அவ்வுருவை நந்தலால் லினோலியத் தகட்டில் செதுக்கினார். செதுக்கிய பள்ளத்தில் மை ஒட்டாது; அவ்விடத்தில் தாள் வெண்மையாகவே நிற்கும். ஆகவே, கரிய பரப்பில் வெண்கோடுகளாலேயே காந்தியடிகள் தோன்றினார். அச்சில் உருவம் இடவலம் மாறும். உளி தவறினால் வெட்டியதை மீண்டும் ஒட்டவும் இயலாது. ஆயினும், வண்ண ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும். இவ்வச்சோ பல படிகளாகப் பலரிடம் சேர வல்லது. அதே ஆண்டு, தாகூர் குழந்தைகளுக்கு எழுதிய ‘சகஜ் பாட்’ என்னும் வங்க அரிச்சுவடிக்கும் இவ்வாறே படங்கள் செதுக்கித் தந்தார்.