குசினியில் பழகிய ஜெபம்

விடுதியில் ஜெபமணி அடித்ததும் கண்ணை மூடி, மனதைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்ட எங்களுக்குச் சகோதரர் லோறன்ஸை விளங்கிக்கொள்வது இலகு. லொரேன் பகுதியில் பிறந்த நிக்கொலா ஹெர்மன், போரில் காலில் காயப்பட்ட பின், 1640இல் பரிஸ் கார்மேல் மடத்தில் பணிச் சகோதரராகச் சேர்ந்தார். கிடைத்தது அவருக்கு அறவே பிடிக்காத குசினி வேலை. மீட்பை இழந்துவிட்டோமோ என்ற பயம் வேறு, ஆண்டுக்கணக்காக அவரை வாட்டியது. ஜெபத்தில் மனம் அலைந்தால் தம்மைக் கடிந்துகொள்ளாமல் மெல்லத் திருப்பிக்கொண்டுவருவார். சட்டி கழுவும்போதும் கடவுளோடு பேசுவார். அவ்வளவுதான் பயிற்சி. இரவுக் கடமையில், ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் இடையில் எங்களில் வைத்தியரானோர் பழகிப் பார்ப்பதும் இதைத்தான். பல இரவுகள் தவறிவிடுகிறது. பின்னாளில் அவருக்குச் செருப்புத் திருத்தும் வேலை கொடுத்தார்கள். 1691 பெப்ரவரியில் காலமானார். கடிதங்களும் உரையாடல்களும் புத்தகமானது அதன்பிறகே.