வேப்பேரித் தமிழ்த் தொண்டர் பெப்ரீசியஸ்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நம் வட்டத்து அன்பர்கள் சென்னைக்குச் செல்லும்போதெல்லாம் வேப்பேரியைக் கடந்திருப்பர். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் கீழ்க்கோடியை ஒட்டிய இப்பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டைக்கு வெளியே அமைந்த ஒரு சிற்றூர். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்து, தமிழில் ஒரு திருமறையையும் ஓர் அகராதியையும் தந்து, கடன்பட்டுச் சிறையும் புகுந்தவர் யோகான் பிலிப் பெப்ரீசியஸ். அவர் புலமையைப் போற்றுவோர் அச்சிறைவாசத்தை ஒரு வரியில் கடந்துவிடுவர். அவ்வாறு கடத்தல் முறையன்று என்பது என் எண்ணம்.

செருமனி நாட்டுக் கிளேபெர்க்கில் 1711ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் பிறந்த இவர், முதலில் சட்டம் பயின்று, பின்னர் ஹாலே நகரில் இறையியல் கற்றார். 1740இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1742இன் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பெற்றார். அங்கு முன்னர்ப் பணியாற்றிய சூல்ட்சே தாயகம் திரும்பவே, சிறியதொரு தமிழ்ச் சபையின் பொறுப்பு இவர்மேல் விழுந்தது.

அமைதியாக அமர்ந்து எழுதும் காலமாக அது இல்லை. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. பெப்ரீசியஸ் ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் மீண்டது. ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் வேப்பேரியில் எழுப்பிய கத்தோலிக்கச் சிற்றாலயம் 1752இல் இவர் கைக்கு வந்தது. ஒரு சாரார் இழந்ததைக் கொண்டே மற்றொரு சாரார் பெற்றனர் என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும். 1758இன் இறுதியில் லாலியின் முற்றுகை தொடங்கியபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. மீண்டும் பழவேற்காடு; மீண்டும் திரும்புதல்.

இத்தகைய அலைச்சலுக்கிடையேதான் திருமறை மொழிபெயர்ப்பு உருவாயிற்று. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சாகி முடிந்திருந்தது. பழைய ஏற்பாட்டில் அவர் விட்டுச்சென்ற பகுதிகளைச் சூல்ட்சே நிறைவு செய்திருந்தார். முன்னோடி முயற்சிகள் என்ற பெருமை அவற்றுக்கு என்றும் உண்டு. எனினும் அவற்றின் நடை கரடுமுரடானது. வீரமாமுனிவர் தரங்கம்பாடித் தமிழைக் கடுமையாக எள்ளியதைத் தமிழுலகம் அறியும்.

கிறித்தவ வழிபாட்டில் ஆண்டின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் திருநாளுக்கும் உரிய மறைப்பகுதியைக் குறித்துவைத்து, மக்கள் முன் உரக்க வாசிப்பது தொன்மையான வழக்கம். அவ்வாசகங்கள் மக்கள் மொழியிலேயே ஒலித்த இடங்களில் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு நிகரான உரிமை பெற்றுவிடும். எருசலேம் திருச்சபையின் பழைய வாசகமுறை நூல் கிரேக்க மூலத்தில் மறைந்துபோய், ஆர்மீனிய மொழியிலும் ஜார்ஜிய மொழியிலும் எஞ்சி நிற்பது இதற்குத் தக்க சான்று. ஆகவே திருமறையை மொழிபெயர்ப்பவன் படிப்பவரின் கண்ணுக்கு மட்டும் எழுதுவதில்லை. எழுத்தறியாதார் செவிக்கும் சேர்த்தே எழுதுகிறான்.

பெப்ரீசியஸ் இதனை நன்குணர்ந்தவர். எபிரேய, கிரேக்க மூலங்களோடு ஒப்பிட்டும், தமிழறிந்தோரைக் கேட்டும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தித் திருத்தி எழுதினார். இறைவனைக் குறிக்க அவர் ஆண்ட சொல் பராபரன் என்பது. அதே நூற்றாண்டில் தாயுமானவர் கண்ணி கண்ணியாக விளித்த சொல்லும் அதுவே. சைவரும் கிறித்தவரும் ஒரே சொல்லால் இறைவனை அழைத்த அக்காலத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்புண்டாகிறது. பின்வந்த 1871ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அவ்விடத்தைத் தேவன் என்ற சொல் பெற்றது.

அச்சகம் வந்த கதை தனிச்சுவை உடையது. 1761இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலப் படை அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொணர்ந்தது. அதனை இயக்கத் தெரிந்தவர் கோட்டைக்குள் இல்லை. அரசின் அச்சு வேலைகளுக்கு முதலிடம் தரவேண்டும் என்ற உடன்பாட்டின்மேல் அப்பொறி பெப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பெற்றது. போரில் கொள்ளைபோன வேப்பேரிக்குப் போரே ஓர் அச்சகத்தைத் தந்தது! 1772இல் அவரது புதிய ஏற்பாடு சென்னையில் அச்சேறியது. பழைய ஏற்பாடோ தரங்கம்பாடியில் 1777 தொடங்கிப் பகுதி பகுதியாக வெளிவந்து, அவர் மறைந்த பின்னரே, 1796இல், முற்றுப்பெற்றது. செருமானியப் பக்திப் பாடல்களையும் அவர் தமிழ்ப்படுத்தினார். பிரைத்தாவுப்டு என்பாருடன் சேர்ந்து தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் வெளிவந்தது. தமிழை மலபார் மொழி என்றே ஐரோப்பியர் அழைத்த காலமாதலின் நூலின் பெயரிலும் மலபார் என்றே காணப்படும். ஆங்கிலம்–தமிழ்ப் பகுதி 1786இல் வந்தது.

இனி அந்தக் கடனைப் பற்றிச் சொல்லவேண்டும். மணம் செய்துகொள்ளாது துறவிபோல் வாழ்ந்தவர் பெப்ரீசியஸ். தமக்கெனப் பொருள் சேர்த்தவரல்லர். ஆயினும் சபைப் பணத்தையும், அவரை நம்பிப் பிறர் ஒப்படைத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்தார். கும்பினி அலுவலர் பலர் ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த அக்காலச் சென்னையில் இது புதுமையன்று. வட்டிப் பணத்தால் சபையின் வறியோரைக் காக்கலாம் என்று அவர் கருதியிருக்கலாம். கொடுத்த பணம் திரும்பவில்லை. சட்டம் பயின்ற அம்மனிதர் முதுமையில் கடனாளிகளின் சிறையில் அடைபட்டார். ஒரு சொல்லை ஏற்குமுன் பலரிடம் கேட்டு ஆராய்ந்தவர், பிறர் பணத்தைக் கைம்மாற்றுமுன் அவ்வாறு ஆராயவில்லை. நல்லெண்ணத்தால் விளைந்தது என்றாலும், இழந்தோருக்கு இழப்பு இழப்பே. அவரைப் போற்றும் நாம் அவர்களையும் நினைத்தல் வேண்டும்.

ஐதர் அலியின் 1780ஆம் ஆண்டுப் படையெடுப்பும் அதனைத் தொடர்ந்த பஞ்சமும் சபையை மேலும் நலிவித்தன. 1788இல் கெரிக்கே என்பார் வந்து பொறுப்பை ஏற்றார். ஓய்ந்திருந்த பெப்ரீசியஸ் 1791 சனவரி 23ஆம் நாள், தமது எண்பதாம் பிறந்தநாளுக்கு மறுநாள், சென்னையில் காலமானார்.

அவர் மொழிபெயர்ப்பை லுத்தரன் திருச்சபையார் எளிதில் விட்டுவிடவில்லை. புதிய திருத்தங்கள் வந்த பின்னரும், இருபதாம் நூற்றாண்டிலும் ஆலயங்களில் அதனையே வாசித்தனர். பழகிய செவி வேறொன்றை ஏற்க மறுத்தது. அகராதியோ 1897இல் விரிவாக்கம் பெற்றுத் தரங்கம்பாடியில் மறுபிறப்பெடுத்து, 1972இல் நான்காம் பதிப்பையும் கண்டது. முனைவர் பட்ட ஆய்வின்போது அப்பதிப்பைத்தான் நான் பயன்படுத்தினேன். பழைய உரைநடையில் ஒரு மரபுத்தொடர் விளங்காமல் திகைக்கும்போது, தலைச்சொல்லின்கீழ் அடுக்கிவைத்த வழக்குத் தொடர்களுள் அது கிடைத்துவிடும். அட்டை பிரிந்த அப்படியை இருமுறை தைத்து வைத்திருக்கிறேன். வகுப்புக்குச் செல்லுமுன் இன்றும் புரட்டுகிறேன்.