வின்சென்ட் வான்கோ: சென் ரெமியில் ஓர் ஆண்டு

பிரான்ஸ் நாட்டின் தெற்கே, புரோவான்ஸ் பகுதியில் சென் ரெமி என்ற சிறிய ஊர் இருக்கிறது. உரோமையர் காலத்து இடிபாடுகளைப் பார்க்கவே பலரும் அங்கே போகிறார்கள். ஒரு வெற்றி வளைவும், உயரமான ஒரு நினைவு மண்டபமும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. அருகிலேயே கிளானும் என்ற பழைய நகரம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் தூய பவுல் மடம் வரும். துறவிகள் வாழ்ந்த அந்த மடம் பின்னர் மனநோயாளர் இல்லமாயிற்று. 1889ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் அதன் வாசலில் வந்து இறங்கியவர் ஓவியர் வின்சென்ட் வான்கோ. வயது 36.

இவர் 1853இல் ஹாலந்தில் பிறந்தவர். தந்தை சீர்திருத்த சபையின் போதகர். மகனுக்கும் நற்செய்திப் பணியில்தான் ஆசை. பெல்ஜியத்தின் போரினாஜ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே பணிக்குச் சென்றார். தம் உடைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்தார். அவரை அனுப்பிய குழுவுக்கு இது அளவு மீறியதாகப் பட்டது. 1879இல் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதன்பிறகுதான் தூரிகையை எடுத்தார். பத்தே ஆண்டுகள்!

1888 டிசம்பரில் ஆர்ல் நகரில் நோயின் வேகத்தில் தம் காதையே அறுத்துக்கொண்டார். அந்தக் கதையை எல்லாரும் அறிவர். அக்கம்பக்கத்தார் அவரை அடைத்து வைக்கும்படி மனுக் கொடுத்ததைப் பலர் அறியார். மனம் நொந்தவர் தாமாகவே சென் ரெமி இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். செலவைத் தம்பி தேயோ ஏற்றார்.

இல்லத்தில் நோயாளிகளைக் கவனித்தவர்கள் அருட்சகோதரிகள். அவர்களது பக்தி முறை வின்சென்டுக்குப் பிடிக்கவில்லை. அதைக் கடிதங்களில் மறைக்கவும் இல்லை. ஆயினும் கம்பி போட்ட சன்னலுக்கு உள்ளே இருந்தபடி ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்களை முடித்தார். உலகம் வியக்கும் விண்மீன் இரவு அங்கே பிறந்ததே. கிளானும் நகரத்தை அவர் பார்க்கவில்லை. அகழ்வு தொடங்கியது 1921இல்தான். அவர் காலத்தில் அந்த நகரம் மண்ணுக்குள் கிடந்தது. அவர் வரைந்தது அப்பகுதியின் ஒலிவ மரங்களை.

நோய் திரும்பத் திரும்பத் தாக்கியது. அப்படி ஒரு வேளையில் அவரிடமிருந்த வியாகுல அன்னையின் அச்சுப்படம் எண்ணெயில் விழுந்து கெட்டுப்போனது. அதைப் பார்த்துத் தாமே ஒன்றைத் தீட்டினார். இறந்த இயேசுவுக்கு அவரைப் போலவே செந்நிறத் தாடி. இதன் சிறிய வடிவம் ஒன்று இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1890 மே மாதம் நல்ல சமாரியரையும் இலாசரையும் வரைந்தார். இலாசர் படத்தில் ஆண்டவரின் உருவம் இல்லை. அந்த இடத்தில் பெரிய சூரியன் ஒன்று எழுகிறது. இலாசருக்கும் செந்தாடிதான். கல்லறையிலிருந்து தம்மை யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கியவரின் படமாகவே எனக்கு அது தோன்றுகிறது.

அம்மாதமே பாரிசுக்கு அருகிலுள்ள ஓவேர் ஊருக்குப் போனார். அவ்வூர்க் கோவிலையும் வரைந்தார். ஜூலை 27ஆம் நாள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். தற்கொலை என்பதால் அவ்வூர்ப் பங்குத்தந்தை பங்கின் சவ வண்டியைத் தர மறுத்தார். பக்கத்து ஊரிலிருந்து வண்டி வந்தது. அந்தக் குருவைக் குறை சொல்வது எளிது. அன்றைய ஒழுங்கு அப்படி இருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அறிந்தே தற்கொலை செய்தவருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. மன நோயும் கடும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் 1992இன் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. இது தெரியாமல், இப்படி ஒரு சாவு நேர்ந்த வீட்டார் இன்றும் கோவிலுக்கு வரக் கூசுகிறார்கள். திருப்பலி கேட்க வருபவர்கள் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார்கள். அவர்கள் தாராளமாக வரலாம். பெயரைச் சொல்லியே மன்றாடலாம்.

தேயோ ஆறு மாதத்தில் இறந்துபோனார். 1914இல் அவரது உடலை ஓவேருக்குக் கொண்டுவந்து அண்ணன் அருகே வைத்தார்கள். இரு கல்லறைகள் மீதும் ஒரே பச்சைக் கொடி படர்ந்திருக்கிறது. சென் ரெமி மடத்தின் ஒரு பகுதியில் இன்றும் மனநோயாளருக்குச் சிகிச்சை நடக்கிறது.