தோட்டாவில் தடவிய கொழுப்பும் தூக்கில் ஏறிய சிப்பாயும்: யார் இந்த மங்கள் பாண்டே?

1857 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாரக்பூர் ராணுவ முகாம். மேலே சிவப்புச் சீருடைக் கோட்டு, கீழே வேட்டி, கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி. அணிவகுப்பு மைதானத்தில் ஒரு சிப்பாய் முன்னும் பின்னும் நடந்தபடி, தன் சக வீரர்களை வெளியே வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறார். மதம் பறிபோகப் போகிறது என்பதுதான் அவருடைய கூப்பாட்டின் சாரம்.

அவர்தான் மங்கள் பாண்டே. 2005இல் ஆமிர் கான் நடித்த படம் மூலம்தான் நம்மில் பலருக்கு இந்தப் பெயர் அறிமுகம். ‘பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவால் கலகம்’ என்று பள்ளிப் பாடத்திலும் ஒரு வரி படித்திருப்போம். ஆனா ஒரு கேள்வியை அப்போது யாருமே கேட்டிருக்க மாட்டோம். தோட்டாவுக்கு எதுக்குங்க கொழுப்பு?

கொழுப்பு இல்லாமல் சுட முடியாதா?

அதுவரை சிப்பாய்களிடம் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ என்ற பழைய மஸ்கெட். அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். உருண்டையான ஈயக்குண்டு தளர்வாக உள்ளே போகும், வெளியே வரும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. 100 கஜம் தாண்டினால் குறி என்பதே அதிர்ஷ்டம்தான்.

1853இல் வந்த என்ஃபீல்டு ரைபிள் வேறு ரகம். குழலுக்குள் திருகாணி மரை போலப் பள்ளங்கள் ஓடும். குண்டு அந்தப் பள்ளங்களைப் பிடித்துச் சுழன்றுகொண்டே போவதால் பல நூறு கஜம் தள்ளியும் குறி தப்பாது. ஆனால் குண்டை வாய்ப்பக்கமாகத்தான் உள்ளே தள்ள வேண்டும். பள்ளத்தில் இறுக்கமாக உட்காரும் குண்டை மேலிருந்து தள்ளினால் பாதியில் சிக்கிவிடும். அதனால் குழலைவிடச் சற்றே சிறிய குண்டைப் போட்டார்கள். வெடிமருந்து வெடிக்கும்போது மென்மையான ஈயம் விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும்.

நல்ல ஐடியாதான். சிக்கல் கரியில் இருந்தது. அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து எரிந்தால் குழல் முழுக்கக் கெட்டியான கரி படியும். சில ரவுண்டு சுட்டதுமே அடுத்த குண்டு இறங்காது. ஈயமும் குழலில் உரசி ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் மசகு. குண்டைச் சுற்றியிருந்த காகிதத்தின் மேல் விலங்குக் கொழுப்பும் மெழுகும் கலந்து தடவினார்கள். அது கரியை இளக்கும், குண்டை வழுக்கிக்கொண்டு இறங்க வைக்கும். இன்று குண்டுகளின் மேல் செம்பு உறை போடுவதிலும், வீட்டில் ஈயக்குண்டு வார்ப்பவர்கள் மெழுகோ பாலிமர் பூச்சோ பூசுவதிலும் உள்ள காரணங்களில் ஒன்று இதேதான்: ஈயம் குழலில் ஒட்டக் கூடாது.

ஆக, கொழுப்பு தடவியதில் சதி எதுவும் இல்லை. அது ஒரு இன்ஜினியரிங் தீர்வு. ஆனால் அந்தத் தோட்டாவைப் பயன்படுத்தும் முறை இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் கோளாறானது. காகிதப் பொட்டலத்தின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, பிறகு குண்டை உள்ளே தள்ள வேண்டும். ராணுவப் பயிற்சியே அப்படித்தான். எந்த விலங்கின் கொழுப்பு அது? பசு என்றால் இந்து கடிக்க மாட்டார். பன்றி என்றால் முஸ்லிம் கடிக்க மாட்டார். கல்கத்தாவில் தோட்டா தயாரித்தபோது, ஒப்பந்ததாரர் கொண்டுவரும் கொழுப்பு எந்த விலங்குடையது என்று சரிபார்க்க யாரும் மெனக்கெடவில்லை. சிப்பாய்களுக்கு இது பிரச்சினை ஆகலாம் என்று 1853லேயே ராணுவத்துக்குள் எச்சரிக்கை எழுந்திருந்தும் அதுதான் நடந்தது.

பல்லியாவிலிருந்து பாரக்பூர் வரை

மங்கள் பாண்டேயின் ஆரம்ப வாழ்க்கை பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான். பிறந்தது 1827இல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்து நக்வா கிராமம் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. பிராமணக் குடும்பம். 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்தார். 34ஆவது காலாட்படைப் பிரிவில் சாதாரண சிப்பாய். அந்தப் படையில் உயர்சாதி இந்துக்கள் அதிகம். சம்பளம் எவ்வளவு முக்கியமோ, ஊருக்குப் போனால் சாதிக்காரர்கள் சேர்த்துக்கொள்வதும் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

1857 ஜனவரியில் டம்டம் ஆயுதக் கிடங்கில் வதந்தி கிளம்பியது. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் ஒரு பிராமணச் சிப்பாயின் சொம்பில் தண்ணீர் கேட்டாராம். சாதியைக் காட்டி மறுத்ததும், சீக்கிரமே நீங்கள் கடிக்கப் போகும் கொழுப்பால் அந்தச் சாதியே போய்விடும் என்று சொன்னாராம். செய்தி முகாம் முகாமாகப் பரவியது.

அரசு சும்மா இருக்கவில்லை. ஜனவரி கடைசியிலேயே கொழுப்பு தடவாத தோட்டா தருகிறோம், விருப்பப்பட்டதை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டது. மார்ச்சில் பல்லுக்குப் பதில் விரலால் கிழிக்கலாம் என்று பயிற்சியையும் மாற்றியது. பாரக்பூர் தளபதி ஹியர்ஸி, சரளமான இந்துஸ்தானியில் சிப்பாய்களுக்கு எடுத்துச் சொல்லியும் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. கொழுப்பு போனதும் சந்தேகம் காகிதத்துக்கு மாறியது. பளபளப்பாக இருக்கிறதே, இதிலும் ஏதோ இருக்கிறது என்றார்கள். பயிற்சியை மாற்றியதே, முன்பு ஏதோ தப்பு இருந்ததற்கு ஒப்புதல் போல ஆகிவிட்டது.

பெர்ஹாம்பூரில் 19ஆவது படைப்பிரிவு தோட்டாவை வாங்க மறுத்தது பிப்ரவரி 26இல். அவர்களுக்குத் தரப்பட்டதோ பழைய மஸ்கெட்டுக்கான, கொழுப்பே இல்லாத தோட்டா! அந்தப் பிரிவைக் கலைப்பதற்காக பாரக்பூருக்கு நடத்தி வந்தார்கள். துணைக்கு ரங்கூனிலிருந்து ஐரோப்பியப் படை கப்பலில் வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் வந்துவிட்டது என்ற பரபரப்பில்தான் மங்கள் பாண்டே அன்று மைதானத்துக்கு வந்தார்.

தகவல் கேட்டு வந்த சார்ஜென்ட் மேஜர் ஹியூசனைச் சுட்டார், குறி தப்பியது. குதிரையில் வந்த லெப்டினன்ட் பாவை நோக்கிச் சுட்டார், குண்டு குதிரை மேல் பாய்ந்தது. பிறகு வாள் சண்டை. இரண்டு வெள்ளையர்களும் காயத்தோடு கீழே விழுந்தார்கள். காவலில் இருந்த ஜமேதார் ஈஸ்வரி பிரசாத் அவரைப் பிடிக்க ஆள் அனுப்பவில்லை. பிடித்து நிறுத்தியவர் ஷேக் பல்ட்டு என்ற ஒரே ஒரு சிப்பாய்.

கடைசியில் ஹியர்ஸியே தன் இரண்டு மகன்களோடு குதிரையில் வந்து, நகராதவனைச் சுடுவேன் என்று காவலர்களை மிரட்டிக் கிளப்பினார். யாரும் தன் பின்னால் வரவில்லை என்பது அந்த நொடியில் மங்கள் பாண்டேக்குப் புரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி முனையை நெஞ்சில் வைத்து, கால் விரலால் விசையை அழுத்தினார். காயம் பட்டது, உயிர் போகவில்லை.

ஏப்ரல் 6இல் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. பங்கும் அபினும் எடுத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். கூட்டாளி யார் என்ற கேள்விக்கு, கடைசிவரை ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஏப்ரல் 8இல் தூக்கு. ஈஸ்வரி பிரசாத்துக்கும் அதே மாதத்தில் தூக்கு. ஷேக் பல்ட்டுவுக்குப் பதவி உயர்வு.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. புது ரைபிள் அப்போது பயிற்சி மையங்களுக்குத்தான் போயிருந்தது. 34ஆவது பிரிவு இன்னும் பழைய மஸ்கெட்டைத்தான் வைத்திருந்தது. கொழுப்பு தடவிய தோட்டாவை மங்கள் பாண்டே ஒருமுறைகூடக் கடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நம்ம வேலூரில் 1806இல் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, அப்புறம் ஜூலை 10 புரட்சி. 51 வருஷத்தில் கம்பெனி பெரிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

34ஆவது பிரிவின் பாரக்பூர் கம்பெனிகளை மே 6இல் கலைத்தார்கள். மீரட்டில் தோட்டா வாங்க மறுத்த 85 குதிரைப்படை வீரர்களுக்கு மே 9இல் எல்லார் முன்னாலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் வெடித்தது, அங்கிருந்து டெல்லி. அந்தப் போர் முழுக்க, இந்துவோ முஸ்லிமோ, எதிரே நின்ற ஒவ்வொரு கிளர்ச்சியாளரையும் பிரிட்டிஷ் வீரர்கள் ‘பாண்டி’ என்றே அழைத்தார்கள்.