காட்டோரம் வந்த கஞ்சி

நெடுந்தீவில் ஒருவருக்குச் சுகயீனம் கடுமையானால் வீட்டார் முதலில் தேடுவது படகைத்தான். குறிகட்டுவானில் இறங்கும்வரை கையிலே செபமாலை இருக்கும். சுகமாகித் திரும்பியதும் கோவிலில் மெழுகுதிரி ஏற்றுகிறோம், நேர்த்திக்கடனைத் தீர்க்கிறோம். நல்ல காரியம். அதற்குப் பிறகு? இந்தக் கேள்வியோடு புனித யோசப் வாஸ் அடிகளாரின் சரிதையைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

கோவாவில் 1651இல் பிறந்து 1676இல் குருவானவர் அவர். அப்பொழுது நம் பகுதி ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்கள் நமது தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் என்ற பெயர் மட்டும் இன்றும் வழங்குகிறது. பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள்; அவர்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்றார்கள். ஊர்காவற்றுறைக் கடல்வாயிலில் கடற்கோட்டை காவல் நின்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் குருவானவர் இன்றி விசுவாசத்தைக் காத்தார்கள்.

1687இல் கூலியாள் கோலத்தில், யோவான் என்னும் பணியாளருடன் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தார். வரும்போதே கடற்பயணம் அவரை உருக்குலைத்திருந்தது. கடும் வயிற்றுளைவு. தொற்றுநோய் என்று அஞ்சியவர்கள் அவரை ஊருக்கு வெளியே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். மறைபணி தொடங்குமுன்பே முடிந்துவிடும் போலிருந்தது. இரக்கமுள்ள பெண் ஒருத்தி அங்கே கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கஞ்சியில் அவர் உயிர் பிழைத்தார்.

எழுந்து நடந்ததும் என்ன செய்தார்? கழுத்தில் செபமாலை தெரிய வீடுவீடாகப் பிச்சை எடுத்தார். அதை அடையாளங் கண்டவர்கள் கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். சில்லாலையில் தங்கி, இரவிலே திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஒல்லாந்தர் தேடத் தொடங்கவே புத்தளம் சென்று, 1692இல் கண்டி இராச்சியத்துள் புகுந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையிலிட்டார்கள்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் நகரை விட்டு அகன்றான். நோயாளரை உறவினரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் தாம் கிடந்த அதே நிலை! அடிகளார் ஓடவில்லை. தம் மருமகனான யோசப் கர்வாலியோ அடிகளாருடன் குடிசைகள் அமைத்து, கைவிடப்பட்டோரை அங்கே சேர்த்தார். புண் கழுவினார், உணவு ஊட்டினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டு இந்த வேலை. அரசன் மனம் நெகிழ்ந்து, சுதந்திரமாகப் போதிக்க இடங்கொடுத்தான். யாழ்ப்பாணத்தில் பெற்ற கடனை அடிகளார் கண்டியில் தீர்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1711 சனவரி 16ஆம் திகதி கண்டியில் அவர் உயிர் துறந்தார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இல் புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலிலே திருத்தந்தையர் அவரை உயர்த்தியபோது இலட்சக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். நம் தீவுகளிலிருந்து போனவர்களும் உண்டு. அன்று காட்டோரம் கஞ்சி கொண்டுபோன யாழ்ப்பாணத்துப் பெண்ணை அவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?