வாக்குப்பிரிவுப் பட்டியலில் ஒரு சிந்தனையாளர்: ஜான் ஸ்டூவர்ட் மில்லின் நாடாளுமன்ற ஆண்டுகள் (1865-1868)

ஜான் ஸ்டூவர்ட் மில்லை (1806-1873) நாம் நூல்களின் வழியே அறிவோம். அவர் மூன்றாண்டுகளுக்குச் சற்று மேலாகப் பிரித்தானியக் காமன்ஸ் அவையின் உறுப்பினராக இருந்தார் என்பதோ பல வாழ்க்கைக் குறிப்புகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. எழுதியவற்றைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது ஒன்று. வாக்கெடுப்பின்போது எழுந்து எப்பக்கம் நடந்தார் என்பது மற்றொரு வகைச் சான்று. அவ்வவை 1836 முதல் ஒவ்வொரு வாக்குப்பிரிவிலும் யார் எப்பக்கம் நின்றனர் என்பதைப் பெயரோடு வெளியிட்டு வந்தது. ஆகவே மில்லின் கொள்கையையும் அவர் அவையில் நடந்துகொண்ட முறையையும் அருகருகே வைத்துக் காண இக்கட்டுரை முயல்கிறது.

அவைக்கு வருமுன் மில் 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். 1858-இல் கம்பெனி ஆட்சியை ஒழித்து இந்தியாவை நேரடியாக அரசின்கீழ்க் கொணர முற்பட்டபோது, அதனை எதிர்த்துக் கம்பெனி அளித்த விண்ணப்பத்தை வரைந்தவர் அவரே. கட்சி மாறுபாடுகளுக்கு ஆட்பட்ட அமைச்சர்களைவிடப் பயிற்சி பெற்ற அலுவலரே தொலைநாட்டை ஆளத் தக்கவர் என்பது அவர் வாதம். சார்பாட்சி பற்றி 1861-இல் அவர் எழுதிய நூலிலும் இந்தியர்க்கு அவ்வாட்சி அப்போது பொருந்தாது என்றே கருதினார். வாக்குரிமைக்காகப் பிற்காலத்தில் அவர் போராடியதைப் பேசும்போது, நம் நாட்டு ஆய்வாளர் இதனை ஒதுக்கிவிட இயலாது.

1865-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் வாக்காளர் சிலர் அவரை அணுகினர். வாக்குக் கேட்டு அலையமாட்டேன், தேர்தலுக்குப் பணம் செலவிடமாட்டேன், வெற்றி பெற்றால் தொகுதியின் உள்ளூர் வேலைகளைக் கவனிக்கமாட்டேன் என்று அவர் முன்கூட்டியே அறிவித்தார். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற கருத்தையும் மறைக்கவில்லை. உழைப்பாளர் கூட்டமொன்றில், ஆங்கிலத் தொழிலாளர் பெரும்பாலும் பொய்யர் என்று எழுதியது உண்மையா எனக் கேட்டபோது, ஆம் என்று மட்டும் விடையளித்தார், கூட்டம் கைதட்டியது. அவர் வெற்றி பெற்றார்.

அவையில் அவர் பொதுவாகக் கிளாட்ஸ்டனின் தாராளவாதிகளோடு சேர்ந்தே வாக்களித்தார். 1866-இல் கிளாட்ஸ்டன் கொணர்ந்த வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா இரண்டாம் வாசிப்பில் 318-க்கு 313 என்ற அளவில் தப்பிப் பிழைத்தபோது அதனை ஆதரித்துப் பேசியவர்களுள் அவரும் ஒருவர். மசோதா பின்னர் வீழ்ந்தது, அரசும் விலகியது. ஜூலையில் ஹைடு பூங்காவில் கூட்டம் தடுக்கப்பட்டுக் கலகம் மூண்டது. மீண்டும் அங்கே கூட எண்ணியிருந்த சீர்திருத்தச் சங்கத் தலைவர்களைச் சந்தித்து அவர்களைத் தடுத்தவர் மில்.

அதே ஆண்டில் ஜமைக்கா விவகாரத்தில் அவர் மேற்கொண்ட பொறுப்பு மிகக் கடினமானது. 1865 அக்டோபரில் மோரன்ட் பே எழுச்சியை அடக்கிய ஆளுநர் அயரின் படை 439 பேரைக் கொன்றது. ஏறத்தாழ 600 பேர் கசையடி பெற்றனர். 1000 வீடுகள் எரிக்கப்பட்டன. அயரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முயன்ற ஜமைக்கா குழுவுக்கு மில் தலைமை ஏற்றார். கார்லைல், டிக்கன்ஸ், டென்னிசன் ஆகியோர் அயரின் பக்கம் நின்றனர். வழக்குகள் விசாரணைக்கே வராமல் நடுவர் குழுக்களால் தள்ளப்பட்டன. மில்லுக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. இந்தியாவைப் பற்றி அவ்வாறு எழுதியவர் ஜமைக்காவின் கறுப்பின மக்களுக்காக இவ்வாறு நின்றது முரண் எனத் தோன்றலாம். ஆள்வோர் சட்டத்துக்கு அடங்கியவராக இருக்கவேண்டும் என்பதே அவருடைய நிலைப்பாடு. ஆளப்படுவோர் தாமே ஆளவேண்டும் என்பது அன்று.

1866 ஜூனில் ஏறத்தாழ 1500 பெண்கள் கையொப்பமிட்ட வாக்குரிமை விண்ணப்பத்தை அவர் அவையில் அளித்தார். அதனைக் கொண்டுவந்த எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் மில் வரும்வரை அச்சுருளை ஓர் ஆப்பிள்காரியின் பலகைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தனர் என்பர். அடுத்த ஆண்டு மே 20-ஆம் நாள், அவருடைய 61-ஆம் பிறந்தநாளில், டிஸ்ரேலியின் சீர்திருத்த மசோதாவில் ஒரே ஒரு சொல்லை மாற்றும் திருத்தத்தை முன்மொழிந்தார்: ஆண் என்பதைக் குறிக்கும் சொல்லை நீக்கி, இருபாலார்க்கும் பொதுவான ஆள் என்னும் பொருளுடைய சொல்லை இடுதல். திணை, பால் பகுப்பில் பழகிய நமக்கு இச்சொல்மாற்றத்தின் நுட்பம் எளிதில் விளங்கும். ஆதரவு 73, எதிர்ப்பு 196. மில் தோல்வியாக இதனைக் கருதவில்லை. தம் நாடாளுமன்றப் பணிகளுள் உண்மையிலேயே முதன்மையானது இதுவே என்று பின்னர் மதிப்பிட்டார்.

அச்சொல் அற்பமானதன்று என்பது விரைவில் தெரிந்தது. சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறியிருந்தது. அதனைக் காட்டி மான்செஸ்டரில் 5000-க்கு மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடங்கோரினர். 1868 நவம்பரில் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை மறுத்தது.

மில்லை முற்போக்காளர் என்னும் ஒரே பெயருக்குள் அடக்கமுடியாது. 1868 ஏப்ரலில் மரண தண்டனையை ஒழிக்கும் முயற்சியை அவர் எதிர்த்துப் பேசினார். வாழ்நாள் சிறையினும் அது இரக்கமுடையது என்பது அவர் எண்ணம். இரகசிய வாக்குமுறையையும் அவர் ஏற்கவில்லை. வாக்கு என்பது பிறர் நலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, எனவே பிறர் காணவே அளிக்கப்படவேண்டும் என்றார். நிலக்கிழாரின் கண்முன் வாக்களித்த குத்தகையாளரின் நிலையை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

1868 தேர்தலில், கடவுள் மறுப்பாளரான சார்லஸ் பிராட்லாவின் தேர்தல் நிதிக்குப் பத்துப் பவுண்டு அனுப்பியது அவருக்கு எதிராகப் பெரிதும் பயன்படுத்தப்பட்டது. தம் வெற்றி வாய்ப்பைக் கருதியிருந்தால் அவர் அதனை அனுப்பியிருக்கமாட்டார். புத்தக வணிகர் டபிள்யூ. எச். ஸ்மித் வெஸ்ட்மின்ஸ்டரில் முதலிடம் பெற்றார். மில் இடமிழந்து, மனைவி ஹாரியட் அடக்கம் செய்யப்பட்டிருந்த பிரான்சின் அவிஞ்ஞோன் நகருக்குத் திரும்பினார். பெண்களின் அடிமைநிலை பற்றிய நூலை 1869-இல் வெளியிட்டார். 1873 மே மாதம் அங்கேயே இறந்து, ஹாரியட்டின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.