காற்றை அளந்த சென்னை வானியலார் ஜான் கோல்டிங்ஹாம்

சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிறு செல்லும் வழியையும் காற்று இயங்கும் திசையையும் பற்றுக்கோடின்றி நிற்கும் வானத்தையும் நேரிற் சென்று அளந்தவர் போலச் சொல்லவல்லார் அக்காலத்தே இருந்தனர் என்னும் செய்தியைப் புறநானூற்றின் 30 ஆம் பாடலில் தருகின்றார். இப்பாடலை நடத்தும்போது, ஞாயிற்றை அளக்கலாம், கண்ணுக்குப் புலனாகாத காற்றை எவ்வாறு அளப்பது என்று மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையையே காட்டலாம். அவர் சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கிய ஜான் கோல்டிங்ஹாம். விண்மீன்களைப் பார்க்க அமர்ந்தவர் அவர். ஆயினும் எதை அளக்கப் புகுந்தாலும் இடையே காற்று குறுக்கிட்டது. காற்றின் அடர்த்தியைக் கணக்கில் கொள்ளாமல் அவரால் ஓர் அடியும் எடுத்து வைக்க இயலவில்லை.

காற்றுக்கு எடை உண்டு என்பது புதிய செய்தியன்று. மர்வ் நகரில் வாழ்ந்த அல்காஸினி 1121 இல் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' என்னும் துலாக்கோல் நூலில், நீரில் மூழ்கிய பொருள் எடை குறைவது போலவே காற்றில் உள்ள பொருளும் சிறிது எடை குறைகின்றது என்று எழுதினார். 1643 இல் டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு காற்றின் அழுத்தத்தை அளந்து காட்டினார். 1648 இல் பாஸ்கலின் மைத்துனர் பிரான்சு நாட்டு மலையொன்றில் பாரமானியுடன் ஏறி, மேலே செல்லச் செல்லப் பாதரசம் இறங்குவதைக் கண்டார். அத்துணைத் தொலைவு நாம் போக வேண்டியதில்லை. திருவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி உயரமுடையது. அதன் அடியிலிருந்து உச்சிக்கு ஒரு பாரமானியைக் கொண்டு சென்றால் பாதரசம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இறங்கும். கோபுரத்தின் உயரத்திற்கு நிற்கும் காற்றுத் தூணின் எடைதான் அந்த 5 மில்லிமீட்டர்.

அடர்த்தியைக் கணக்கிடும் முறையும் எளியதே. காற்றழுத்தத்தைப் பாஸ்கல் அலகில் எடுத்துக்கொண்டு, 287 என்னும் எண்ணாலும் கெல்வின் அலகிலான வெப்பநிலையாலும் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒரு கனமீட்டர் காற்றின் எடை, கிலோகிராம் அளவில். கடல் மட்டத்து அழுத்தத்தில் 0 பாகை செல்சியசில் 1.29 கிலோகிராம், நமக்குப் பழக்கமான 30 பாகையில் 1.16 கிலோகிராம். பத்து மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உடைய வகுப்பறை ஒன்றில் அடைபட்டுள்ள காற்று சுமார் 280 கிலோகிராம் இருக்கும். நான்கைந்து ஆசிரியர்களின் எடை அது!

ஈரம் மிகுந்தால் காற்று கனக்கும் என்று நாம் நினைக்கின்றோம். இராசபாளையத்து நூற்பாலைகளில் இழை அறாதிருக்கக் காற்றில் ஈரத்தை ஏற்றி வைப்பர். உள்ளே நுழைபவர்க்குக் காற்று கனத்துப் போனது போலத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. நீராவியின் மூலக்கூறு எடை 18. உலர்ந்த காற்றினுடையது சராசரி 29. கனமானது இருந்த இடத்தில் இலேசானது புகுவதால், ஈரக்காற்று உலர்காற்றை விட இலேசாகின்றது. ஆகவே காற்றின் அடர்த்தியை அறிய வெப்பமானி, பாரமானி, ஈரமானி ஆகிய மூன்றும் வேண்டும். கோல்டிங்ஹாமின் வாழ்க்கையில் இம்மூன்று கருவிகளும் இணைபிரியாமல் வருகின்றன.

அவர் 1767 இல் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடம் 1792 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனை அமைத்த மைக்கேல் டாப்பிங்கின் உதவியாளராக அவர் பணிபுரிந்தார். 1794 இல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. 1796 இல் டாப்பிங் மறைந்ததும் கோல்டிங்ஹாம் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டில் அங்கே வானிலைக் குறிப்புகளை ஒழுங்காக எழுதி வைக்கும் வழக்கமும் தொடங்கிற்று.

அக்காலத்து அலுவலர்கள் ஒரு துறையோடு நின்றவர்கள் அல்லர். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றியும் எலிபெண்டாக் குகைகளைப் பற்றியும் கோல்டிங்ஹாம் கட்டுரைகள் வரைந்துள்ளார். கட்டடக் கலையிலும் அவர் கை வைத்தார். ஆளுநர் கிளைவுக்காக அவர் வடிவமைத்து 1802 இல் நிறைவேறிய விருந்து மண்டபமே இன்றைய இராஜாஜி மண்டபம். தமிழகத்தின் பெருந்தலைவர்கள் பலருடைய உடல்கள் மக்களின் இறுதி வணக்கத்திற்காக வைக்கப்பட்ட அப்படிக்கட்டுகளைத் தொலைக்காட்சியில் கண்டிராதவர் நம்மில் இலர். அதைக் கட்டியவர் ஒரு வானியலார் என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். அந்த ஆண்டிலேயே சென்னையின் நெட்டாங்கை அவர் வரையறுத்தார். அதன் வழிப் பிறந்த சென்னை நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 1906 இல் இந்தியச் செந்தர நேரம் வரும் வரையில் இருப்புப் பாதைகளுக்கும் அதுவே வழிகாட்டி. 1808 இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிற்று.

விண்மீனின் ஒளி காற்று மண்டலத்தினுள் நுழையும்போது வளைகின்றது. அடிவானில் தோன்றும் ஒரு மீன் தன் உண்மையான இடத்தினின்றும் அரைப் பாகைக்கு மேல் உயர்ந்து காணப்படும். அவ்வளைவின் அளவு காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. எனவே தொலைநோக்கியில் கண் வைக்கும் ஒவ்வொரு வானியலாரும் பாரமானியையும் வெப்பமானியையும் பார்த்துக் குறித்த பின்னரே கணக்கில் இறங்குவர். இது காற்று அவருக்கு விதித்த முதல் வரி எனலாம்.

இரண்டாவது வரி ஊசலின் வழியே வந்தது. புவியின் வடிவத்தை அறிய, ஓரிடத்தில் ஊசல் நாளொன்றுக்கு எத்தனை முறை ஆடுகின்றது என்று எண்ணுவது அக்காலத்து முறை. 1821 இல் கோல்டிங்ஹாம் சென்னையில் இச்சோதனையைச் செய்தார். அடுத்த ஆண்டில் நிலநடுக்கோட்டருகே சுமத்திராவை அடுத்த தீவொன்றுக்குத் தம் கூடத்தினரை அனுப்பி அங்கும் ஊசலை ஆட்டச் செய்தார். பித்தளை ஊசல் காற்றில் ஆடும்போது காற்று அதனைச் சிறிது தாங்குகின்றது. பித்தளையின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப் போல் சுமார் 7,200 மடங்கு. இத்துணைச் சிறிய தாங்குதலை யார் பொருட்படுத்துவர் என்று தோன்றும். ஆனால், கணக்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 அலைவுகள் அதனால் குறைகின்றன. புவியின் வடிவம் பற்றிய ஆராய்ச்சியில் அது பெரும்பிழை. ஆதலின் அன்றைய காற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டு, ஊசல் வெற்றிடத்தில் ஆடினால் எத்தனை முறை ஆடும் என்று திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஊசல் தன்னோடு சிறிது காற்றையும் இழுத்துக்கொண்டு ஆடுவதால் இத்திருத்தமும் போதாது என்பதை 1828 இல் ஜெர்மானிய அறிஞர் பெஸ்ஸல் நிறுவினார்.

மூன்றாவது, ஒலி. ஈண்டுச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பெயரை அயல்நாட்டு இயற்பியல் நூல்களில் நிலைநிறுத்தியது இதுவே.

காற்றின் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் ஒலியின் வேகம் கிடைக்கும் என்று நியூட்டன் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை நொடிக்கு 979 அடி. செவியால் அளந்தவர்கள் கண்டதோ ஏறத்தாழ 1,142 அடி. நூறாண்டுக்கு மேல் இந்த இடைவெளி அறிஞர்களை வருத்திற்று. ஒலி செல்லும்போது காற்று நெருக்கப்பட்டுச் சூடேறுகின்றது, அதனால் வேகம் கூடுகின்றது என்னும் திருத்தத்தை 1816 இல் லாப்லாஸ் சொன்னார். வெப்பநாட்டில் ஆண்டு முழுவதும் அளந்த அளவைகள் அந்நாளில் மிக அரியன.

அதற்கு வேண்டிய வசதி சென்னையில் ஏற்கெனவே இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பீரங்கிப் படையினர் தங்கியிருந்த பரங்கிமலையிலும் வெடிகள் தீர்க்கப்பட்டு வந்தன. கூடத்திலிருந்து கோட்டை 13,932 அடித் தொலைவு. பரங்கிமலை 29,547 அடி. வெடியின் ஒளி கண்ணிற்பட்ட கணத்திலிருந்து ஓசை செவியை எட்டும் வரையில் நுண்ணிய கடிகாரத்தின் துடிப்புகளை எண்ண வேண்டும். கோட்டையிலிருந்து சுமார் 12 நொடி, மலையிலிருந்து சுமார் 26 நொடி. (திருவில்லிபுத்தூரில் வெடித்த வெடி இராசபாளையத்தில் கேட்குமாயின் அரை நிமிடத்திற்கு மேல் ஆகும்.) ஒவ்வொரு வெடிக்கும் வெப்பமானி, பாரமானி, ஈரமானி ஆகியவற்றின் அளவுகளும் காற்று வீசிய நிலையும் குறிக்கப்பட்டன. முடிவுகள் 1823 இல் இராயல் கழகத்தின் வெளியீட்டில் வந்தன.

மாதச் சராசரிகளில் டிசம்பரில் நொடிக்கு 1,099 அடி. மெல்ல மெல்ல ஏறி ஜூலையில் 1,164 அடி. இதிலிருந்து கோல்டிங்ஹாம் சில விதிகளை வகுத்தார். வெப்பமானி ஒரு பாரன்ஹீட் பாகை ஏறினால் வேகம் 1.2 அடி மிகும். ஈரமானியின் ஒரு பாகைக்கு 1.4 அடி, பாரமானியில் பத்தில் ஓர் அங்குல மாற்றத்திற்கு 9.2 அடி. எதிர்காற்றுக்கும் பின்காற்றுக்கும் இடையே வேறுபாடு 21 அடிக்குச் சற்று மேல்.

இவற்றுள் முதல் விதி வியப்பூட்டும் வகையில் சரியானது. இன்றைய கணக்கின்படி சென்னையின் வெப்பத்தில் ஒரு பாரன்ஹீட் பாகைக்கு ஏறத்தாழ 1.1 அடி. பாரமானி பற்றிய விதியோ நிற்கவில்லை. வெப்பநிலை மாறாதிருக்க அழுத்தம் மட்டும் கூடினால் அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடும். நியூட்டனின் வகுத்தலில் மேலும் கீழும் ஒருங்கே பெருகுவதால் விடை மாறாது. பின் எங்கிருந்து வந்தது அந்த 9.2 அடி? சென்னையில் பாரமானி குளிர்மாதங்களில் உயர்ந்தும் கோடையில் தாழ்ந்தும் நிற்கும். பருவம் செய்த வேலைக்குப் பாரமானி பெயர் வாங்கிக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. டிசம்பரில் காற்றின் அடர்த்தியை, அழுத்தம் ஒன்றே எனக் கொண்டு அவருடைய வெப்பநிலைகளிலிருந்து கணக்கிட்டால் 1.18 கிலோகிராம், ஜூலையில் 1.16. இந்த வேறுபாட்டால் ஒலி 8 அடி மட்டுமே விரைவுபட வேண்டும். அவர் கண்டதோ 65 அடி. மிகுதி எங்கே? ஈரம் அத்தனையும் செய்துவிடாது. எனக்குத் தோன்றுவது, முதலில் ஐயுற வேண்டியது வீசும் காற்றையே என்பதாகும். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் தெற்கினதைத் தென்றல் என்றும் கிழக்கினதைக் கொண்டல் என்றும் பெயரிட்ட நம் முன்னோர்க்கு, டிசம்பர்க் காற்றும் ஜூலைக் காற்றும் வேறு வேறு என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பரங்கிமலை கூடத்திற்குத் தென்மேற்கே உள்ளது. அங்கிருந்து வந்த ஓசை டிசம்பரில் வடகிழக்குக் காற்றை எதிர்த்தும் ஜூலையில் தென்மேற்குக் காற்றின் துணையோடும் வந்திருக்கும். எண்ணுவோரின் கண்ணும் செவியும் செய்யும் தாமதமும் இதில் ஒரு பங்கு கொண்டிருத்தல் கூடும்.

அவருடைய விதியை அவருடைய அட்டவணையைக் கொண்டே நாம் மறுக்க முடிகின்றது என்பதுதான் இதில் அருமை. சராசரி வேகத்தை மட்டும் வெளியிட்டு அமைதி கொண்டிருந்தால் எவரும் குறை கண்டிருக்க இயலாது. அவர் மூன்று கருவிகளின் அளவுகளையும் காற்றின் நிலையையும் அருகருகே அச்சிட்டு வைத்தார். பின்வந்த ஐரோப்பிய அறிஞர்கள் ஒலியியல் நூல்களில் அவ்வெண்களை எடுத்தாண்டனர்.

1830 இல் கூடத்தின் பொறுப்பு டி.ஜி. டெய்லருக்குச் சென்றது. கோல்டிங்ஹாம் 1849 இல் காலமானார். வானாய்வுப் பணி 1899 இல் கோடைக்கானலுக்கு மாறிற்று. உயரே செல்லுந்தோறும் காற்று அடர்த்தி குறைவது மலையுச்சியை நாடுவதற்குரிய காரணங்களுள் ஒன்று. நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை அலுவலகம் உள்ளது. பழைய கூடத்தின் கருவியைத் தாங்கிய கருங்கற்றூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன் அதன் வளாகத்தில் இன்றும் நிற்கின்றது.